அமாவாசைக்கு நிற்காத ஆலை

எங்கள் ஜவ்வரிசி ஆலை சின்னசேலத்துக்கு வெளியே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். லேபில் உட்கார்ந்து மாவையும் தண்ணீரையும் சோதிப்பது என் வேலை. லேப் வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டியிருக்கிறது, அதில் மாதாமாதம் பச்சை மையால் டிக் போடுவதும் என் வேலைதான். நான் சொல்ல வந்தது தெய்வசிகாமணி அண்ணனைப் பற்றி. ஆனால் அந்தப் பச்சை மையை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சிகாமணி அண்ணன் வேலை கேட்டு ஆலைக்கு வந்தவர் இல்லை. சண்டை போட வந்தவர். ஆலைக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. ஓடையோரமாகவே ஒரு மைல் நடந்தால் அவருடைய தெரு, பன்னிரண்டு வீடு. எல்லோரும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். தெருக்கோடியில் ஒரு கிணறு. அவருக்குக் கல்யாணமான வருஷம் பன்னிரண்டு வீட்டு ஆண்களும் கடப்பாரை பிடித்து வெட்டிய கிணறு அது. குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இரண்டாயிரத்து ஐந்தில் ஆலைத் தண்ணீர் ஓடையில் இறங்கி, கிணற்றுப் பக்கம் நாற்றம் வந்தபோது அவர் தெருவையே திரட்டிக்கொண்டு வந்து கிழங்கு லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டார்.

அப்போது பெரிய முதலாளி இருந்தார். விவசாயம் பார்த்து முன்னுக்கு வந்த மனுஷன், ஆளை எடை போடத் தெரிந்தவர். வாசலுக்கு வந்து, "எழுந்திருப்பா. இவ்ளோ பேசறியே, நீயே உள்ள வந்து இந்தத் தண்ணிய பாத்துக்க. எப்ப நிறுத்துன்னு சொல்றியோ அப்ப நிறுத்தறேன்" என்றாராம். அண்ணன் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். சம்பளத்துக்காக இல்லை, கிணற்றுக்காக. இதை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பெருமையாகவே.

மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்து மாவைப் படியவிட்ட பிறகு மிஞ்சுவது தண்ணீரே இல்லை, புளித்த கஞ்சி. அதைக் கேஸ் தொட்டிக்குள் விடுவோம். வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி வைத்திருப்பார்களே, அதே சங்கதிதான். எங்களுடையது ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் கஞ்சியைத் தின்று செரித்து, தண்ணீரை ஓரளவு சாதுவாக்கி வெளியே அனுப்பும். அது மூன்று குட்டைகளில் வரிசையாகத் தேங்கித் தெளிந்து, எங்கள் தென்னந்தோப்புக்குப் பாயும். புளிப்பைப் பி.எச். மீட்டரில் பார்ப்போம். ஏழு என்றால் நல்லது, குறையக் குறையப் புளிப்பு.

அண்ணனுக்கு மீட்டர் வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்ப்பார். "ஆறரை இருக்கும் கமலா" என்பார். லேபில் வைத்துப் பார்த்தால் ஆறு புள்ளி ஐந்தோ ஆறு புள்ளி ஆறோ காட்டும். நான் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போய் வந்து மூன்று வருஷம் வேதியியல் படித்தவள். அவருடைய மூக்கு எதையும் படிக்கவில்லை. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர் ரிஜிஸ்டர் எழுத மாட்டார். பம்ப் ஷெட் சுவரில் அடுப்புக்கரியால் குறிப்பார். நல்ல நாளுக்கு ஒரு வட்டம், புளித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. ஒன்பது வருஷக் குறிகள் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். லேப் ரிஜிஸ்டரை நான் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாகவே கிடக்கும், யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்தச் சுவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வட்டங்கள் வந்துகொண்டே இருக்கும், மாசத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு பெருக்கல் தலைகாட்டும், உடனே ஓர் இடைவெளி, அப்புறம் மறுபடி வட்டம். அந்த இடைவெளி அமாவாசை. பெரிய முதலாளி போட்ட சட்டம் அது. அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள் இல்லையா, அதே கணக்கில் அவர் மோட்டாரையும் பூட்ட மாட்டார். முந்தின நாளே ஆலையைக் கழுவி நிறுத்தினால், அமாவாசைக்கு மறுநாள் மதியம்தான் பாய்லர் சூடேறும். ஏறக்குறைய இரண்டு நாள் தொட்டிக்குப் பட்டினி. அண்ணன் அந்த இரண்டு நாளும் வீட்டு மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, சுண்ணாம்பு போட்டு, தொட்டியைத் தேற்றிவிடுவார். சாமிக்காக விட்ட விடுமுறையில் பிழைத்துக்கொண்டிருந்தது எங்கள் தொட்டி. பெரிய முதலாளிக்கும் அது தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்தார். மகன் வந்தார். வெளிநாட்டுக்கு மாவு அனுப்ப வேண்டும், அதற்குச் சுற்றுச்சூழல் சான்றிதழ் வேண்டும் என்றார். அரங்கநாதன் என்று ஒரு மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் வந்தால் இருட்டும் வரை நிற்பார், கூட்டுகிற அம்மாவைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் அந்தப் பலகையை மாட்டினார். 'நமது சுற்றுச்சூழல் இலக்குகள்' என்று மேலே எழுதி, கீழே நாலு வரி. ஒரு டன் கிழங்குக்குச் செலவாகும் தண்ணீரில் கால் பங்கு குறைக்க வேண்டும். விறகில் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். வெளியேறும் நீரின் பி.எச். ஏழுக்குக் குறையக் கூடாது. மரக்கன்று இருநூறு நட வேண்டும். படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். நானும் சந்தோஷமாகத்தான் எழுதினேன்.

விறகைக் குறைக்க அவர் கண்டுபிடித்த வழிதான் எங்கள் தலையில் விடிந்தது. பாய்லரை அணைத்து மறுபடி சூடேற்றத்தான் ஏகப்பட்ட விறகு போகிறது, ஆகவே நிறுத்தவே கூடாது. அமாவாசை விடுமுறை போயிற்று. கும்பிடப் போகிறவர்கள் முறை வைத்துப் போகலாம், ஆலை ஓடும். தண்ணீரைக் குறைக்க, கழுவின தண்ணீரிலேயே திரும்பத் திரும்பக் கழுவினோம்.

கார்த்திகை அமாவாசைக்கு ஆலை ஓடியது. மார்கழி அமாவாசைக்கும் ஓடியது. பலகையில் தண்ணீருக்கும் விறகுக்கும் நான் டிக் போட்டேன். அண்ணன் சுவரில் பெருக்கல் குறிகள் நெருக்கிக்கொண்டு வந்தன.

தை பிறந்ததும் அவர் லேபுக்கு வந்து ஒரு பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார். மீட்டரில் ஐந்து புள்ளி ஒன்று. "தண்ணிய கம்மி பண்ணா அழுக்கு கம்மி ஆவுதா? அதே அழுக்கு கெட்டியா வருது. ஓயாம வந்துக்கினே கீது" என்றார். "தொட்டிக்கு வவுறு கெட்டுப்போச்சு கமலா. பத்து நாள் பட்டினி போட்டாதான் பொழைக்கும்."

இருவரும் மேனேஜரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னலைக் காட்டினார். வெளியே கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய கிழங்கு லாரிகள், பதினெட்டு, வரிசையில் நின்றன. பிடுங்கின கிழங்கு இரண்டு நாள் தாங்காது. மூன்றாம் நாள் உள்ளே கறுத்துவிடும்.

"இதுங்கள எங்க அனுப்பறது சிகாமணி?" என்றார். "மலைல இருந்து வர்றவன் வயித்துல அடிக்கணுமா?"

இருவரும் திரும்பி வந்துவிட்டோம். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

மாசியில் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆய்வுக்கு முந்தின வாரம் மேனேஜர் என்னையும் அண்ணனையும் கூப்பிட்டார். மூன்றாவது குட்டையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு வரச் சொன்னார்.

"இதுல சுண்ணாம்பு போட்டா ஏழு வருமாம்மா?"

"வாளில வரும் சார். குட்டைல வராது."

"வாளியப் பத்திதான் கேட்டேன்" என்றார்.

வாளியில் ஏழு புள்ளி இரண்டு வந்தது. பழைய ரிஜிஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றில் தை முதல் தேதியிலிருந்து ஏழுக்குக் குறையாமல் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ஐந்து என்று தெரிந்துகொண்டே ஏழு என்று எழுதினேன். மிஞ்சியது ஆபரேட்டர் கையெழுத்துக் கட்டம், நாற்பத்திரண்டு நாளுக்கும் காலி. அதில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"நான் போட மாட்டேன் சார்" என்றார் அண்ணன்.

மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "சான்றிதழ் கைக்கு வரட்டும். மாசி அமாவாசைல இருந்து பத்து நாள் ஆலைய நிறுத்தறேன். உங்க தொட்டிய நீங்க சரி பண்ணிக்குங்க. இப்ப இது வரலன்னா முதலாளி ஆலையவே வித்துடுவாரு. வாங்கறவன் தொட்டிய வச்சிக்குவானா, மூடுவானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். "போடுங்கண்ணா, பத்து நாள் கெடைக்குதே" என்றேன். இந்த வாய்தான் சொன்னது. அவர் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை போல, நாற்பத்திரண்டு தடவை தெய்வசிகாமணி என்று முழுப்பெயரையும் எழுதினார். எழுந்து போகும்போது, "அமாவாசைய வாயால சொல்லிட்டாரு, அப்புறம் மாறமாட்டாரு" என்றார். அமாவாசையைச் சொல்லிக் கொடுத்த வாக்கை ஒரு மனிதன் மீறுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரிய முதலாளியிடம் ஒன்பது வருஷம் இருந்த பழக்கம் அப்படி.

ஆய்வுக்கு முதல் நாள் ஆலை முழுக்க வெள்ளையடித்தோம். பம்ப் ஷெட்டுக்கு அண்ணனே அடித்தார். தொட்டிக்கு வைத்திருந்த அதே சுண்ணாம்புதான். "சொவத்துல இருக்கறத அடிச்சிடாதீங்கண்ணா" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. எல்லாம் அவர் மண்டையில் இருந்தது, சுவர் எதற்கு. பத்து நாள் நிறுத்தம் வரட்டும் என்று அதற்குப் பிறகு அவர் குறிக்கவும் இல்லை.

வந்தவர்கள் பலகையைப் படம் எடுத்தார்கள், ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள், ஒரு வேப்பங்கன்று நட்டார்கள். சான்றிதழ் வந்தது. அல்வா கொடுத்தார்கள்.

மாசி அமாவாசைக்கு ஆலை நிற்கவில்லை. வெளிநாட்டுச் சரக்குக்குத் தேதி குறித்துவிட்டார்களாம். காலையிலேயே அண்ணன் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். மேனேஜர் போனில் முதலாளியிடம் கேட்டார், இரண்டு மூன்று தடவை "சரிங்க" என்றார், போனை வைத்தார். "என் கைல இல்ல சிகாமணி" என்றார். பார்க்க அவரே உடம்பு சரியில்லாதவர் போல இருந்தார். யார் கையில்தான் இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று மதியம் மூன்றாவது குட்டையின் கரை ஊறிப்போய் உடைந்தது. ஆலை ஓயாமல் ஓடியதில் தென்னந்தோப்பு ஏற்கெனவே நிரம்பி நின்றதால் தண்ணீர் போக ஓடையைத் தவிர வேறு இடம் இல்லை. அண்ணன் மண்வெட்டியோடு இறங்கினார். நானும் இன்னும் இரண்டு பேரும் மூட்டையில் மண் அள்ளிக் கொடுத்தோம். போட்ட மூட்டையெல்லாம் புரண்டு போயிற்று. இடுப்பளவு கஞ்சியில் நின்றுகொண்டு அவர், "மோட்டார நிறுத்தச் சொல்லு கமலா, மோட்டார நிறுத்தச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஓடினேன். மோட்டாரை நிறுத்தினார்கள், ஒன்றரை மணி நேரம் கழித்து.

ஐந்தாம் நாள் அவர் மனைவி பச்சையம்மாள் ஆலை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு செம்பு. அண்ணன் வெளியே போனார், நான் லேப் ஜன்னலில் நின்றேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை.

"காலைல இருந்து மாடு ரெண்டும் வாய வெக்க மாட்டேங்குது. நீங்க மோந்து பாருங்க."

அண்ணன் செம்பை வாங்கவில்லை. எட்டி நின்றபடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூக்கைப் பற்றித்தான் சொன்னேனே. அப்படியே வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். இதிலும் அண்ணன்தான் முன்னால் நின்றார், வேலை போனாலும் போகட்டும் என்று. விசாரிக்க ஓர் அதிகாரி வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் கிழங்குப் பருவம் முடிந்து ஆலை தானாக நின்றிருந்தது. உடைந்த கரையைக் கட்டி, குட்டையில் சுண்ணாம்பு கொட்டித் தெளிய வைத்திருந்தார்கள். அதிகாரி கிணற்றுத் தண்ணீரை எடுத்தார், கெட்டுப்போனதுதான் என்றார். ஆனால் ஓடையில் எங்களுக்கு மேலே இன்னும் இரண்டு ஆலைகள் இருக்கின்றன, யார் விட்ட தண்ணீர் என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டார். மேனேஜர் ரிஜிஸ்டரை நீட்டினார்.

அதிகாரி அதைத் திருப்பி, தெருக்காரர்கள் பார்க்கும்படி மேஜையில் வைத்தார். "தினமும் ஏழுக்குக் கம்மி இல்லன்னு எழுதியிருக்கு. இது யார் கையெழுத்து?"

"என்துதான் சார்" என்றார் அண்ணன். "ஆனா அது நெசமில்ல. நெசமெல்லாம் சொவத்துல குறிச்சி வச்சிருக்கறேன், வாங்க காட்டறேன்."

எல்லோரும் பம்ப் ஷெட்டுக்குப் போனோம். அண்ணன் வேகமாக முன்னால் போனார். கதவைத் திறந்த பிறகுதான், தானே வெள்ளையடித்தது ஞாபகம் வந்து நின்றுவிட்டார். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவர் விரல் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். கொஞ்சம் கரி தெரிந்தது, வட்டமா பெருக்கலா என்று யாருக்கும் சொல்ல முடியாது. திரும்பி, "கமலா, நீ பாத்தியேம்மா" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் இருப்பது என் எழுத்து. அதைப் பொய் என்று சொன்னால் வேலை போகும், போலீஸ் வரைக்கும்கூட இழுக்கும். பயந்தேன், அவ்வளவுதான். தெருக்காரர்கள் பக்கமிருந்து ஒரு கிழவர் மட்டும், "இவனே கையெழுத்து போட்டுக்கினு, இவனே நம்மளையும் மனு எழுத வச்சானா" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் கலைந்து போனார்கள்.

அண்ணனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலாவது தெருவில் தலைநிமிர்ந்திருப்பார். அந்தத் தெருவுக்குத் தினமும் ஒரு டேங்கர் குடிதண்ணீர் அனுப்ப ஆலை முடிவு செய்தது, மனிதாபிமான அடிப்படையில். ஊர் ஆள், வழி தெரிந்தவர் என்று டேங்கரோடு அவரையே அனுப்பினார்கள். கேஸ் தொட்டியை வேறு ஓர் ஆள் பார்த்துக்கொள்கிறான், அவனிடம் மீட்டர் இருக்கிறது. பலகையில் ஐந்தாவது வரி ஒன்று சேர்ந்தது. 'அக்கம்பக்கத்து மக்களுக்குக் குடிநீர்: நாளொன்றுக்கு மூவாயிரம் லிட்டர்.' என் கையால்தான் எழுதினேன்.

ஒரு நாள் கணக்குப் பார்க்க நானும் டேங்கரில் போனேன். கிணற்றுமேல் முள் வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். பெண்கள் குடத்தோடு வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் ஒருத்தரும் பேசவில்லை. பச்சையம்மாள் கடைசியில் வந்தார். பதினொரு வீடும் பிடித்து முடித்த பிறகுதான் அந்த அம்மா குடத்தை வைப்பாராம். அன்று பாதிக் குடத்தோடு தண்ணீர் நின்றுவிட்டது.

"போதும், உடுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாசக் கடைசியில் டேங்கர் நோட்டு என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும், கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர். தெருவில் யாரும் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். கையெழுத்து என்றாலே அவர்களுக்கு இப்போது அருவருப்பு. பெற்றுக்கொண்டவர் கட்டம் காலியாக இருந்தால் இலக்கை எட்டியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார் மேனேஜர். நான் நோட்டை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"எனக்கும் அந்தத் தெருவுலதான வூடு" என்றார் அவர். "குடு, நானே போடறேன்."

முப்பது நாளுக்கும் போட்டார். கொடுத்தவர் தெய்வசிகாமணி. பெற்றுக்கொண்டவர் தெய்வசிகாமணி. நான் லேபுக்குத் திரும்பி வந்து ஐந்தாவது வரியில் டிக் போட்டேன்.